நான்காம் அறையில் சாவு இல்லை

நாள் 19. காலை 6.40

கொக்குத்திட்டு பறவை ஆய்வு நிலையம். பதிவு செய்வது: டாக்டர் செண்பகவடிவு, நோயெதிர்ப்புப் பிரிவு.

வெளி வெப்பம் 29 டிகிரி. ஜெனரேட்டர் சீராக ஓடுகிறது. டீசல் முக்கால் டாங்கி. கோழிகளுக்குக் கிருமி கொடுத்து இன்று ஒன்பதாம் நாள்.

அறை 1, எதுவும் நீக்கப்படாத கோழிகள்: முப்பதில் இருபத்திரண்டு இறப்பு.
அறை 2, பி அணுக்கள் நீக்கப்பட்டவை: இருபத்தைந்து இறப்பு.
அறை 3, விழுங்கணுக்கள் நீக்கப்பட்டவை: இருபத்தேழு இறப்பு.
அறை 4, கொல்லி அணுக்கள் நீக்கப்பட்டவை: இறப்பு இல்லை. காய்ச்சல் இல்லை. தீவனம் மிச்சமில்லாமல் தின்கின்றன.

இந்தப் பதிவேட்டைப் பின்னால் சரிபார்க்க வருபவருக்காக ஒரு விளக்கம். இரத்தத்தில் உள்ள வெள்ளணுக்கள் ஒரே இனம் அல்ல, பல இனங்கள். ஒரு இனத்தை மட்டும் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் மருந்தை ஊசியில் ஏற்றினால் இரண்டு நாளில் அந்த இனம் மட்டும் மறைந்துவிடும். மற்றவை அப்படியே இருக்கும். பெரிய குடும்பத்தில் ஒவ்வொருவராக வெளியூர் அனுப்பிப் பார்த்தால்தான் யார் எந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள் என்று தெரியும். இங்கே நடப்பதும் அதுதான். போன வருடம் வயல் வாத்துகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற கிருமியைக் கொடுத்து, எந்த அணு இல்லாவிட்டால் என்ன ஆகிறது என்று பார்க்கிறோம். மனிதருக்கு இது தொற்றியதாக எங்கும் பதிவில்லை.

திட்டில் நாங்கள் இரண்டு பேர். நானும், கோழிகளைப் பராமரிக்கும் ஜெபமாலையும். கரை அலுவலகத்தோடு காலையும் மாலையும் வயர்லெஸ். பதினைந்து நாளைக்கு ஒரு முறை படகு.

நான்காம் அறையில் கிருமி பிடிக்கவே இல்லை என்று நினைக்கிறேன். ஊசியில் ஏதோ பிழை. மூக்கிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிக்கிறேன்.


நாள் 20. மாலை 4.15

ஊசியில் பிழை இல்லை. செத்த கோழிகளில் இருந்ததைவிட அறை நான்கில் கிருமி அறுபது மடங்கு அதிகம். முப்பது கோழிகளிலும்.

மூன்று முறை சோதித்துவிட்டேன்.

நுரையீரல் வெட்டுகளைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. இந்தக் கிருமி தானாக யாரையும் கொல்வதில்லை. கிருமி புகுந்த நுரையீரலைக் கொல்லி அணுக்கள்தான் சகட்டுமேனிக்கு அழிக்கின்றன. கோழி அதில்தான் சாகிறது. கொல்லி அணுக்கள் இல்லாத கோழிக்கு ஒன்றும் தெரிவதில்லை. அது பாட்டுக்கு மேய்கிறது, மூச்சு விடுகிறது. ஒவ்வொரு மூச்சிலும் கிருமி வெளியே போகிறது.

கரைக்குச் சொன்னேன். வயர்லெஸ்ஸில் இருந்த ரெஜினா, பெரிய கண்டுபிடிப்பா டாக்டரம்மா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.


நாள் 23. காலை 7.05

ஜெபமாலைக்குக் காய்ச்சல், 39.2. தொண்டை எரிகிறது என்கிறார்.

அறை நான்கில் நோயே இல்லை என்று முதல் பத்து நாளும் நாங்கள் அசட்டையாக இருந்தோம். முழு உடுப்பு வேண்டாம், துணி முகமூடி போதும் என்று அவரிடம் சொன்னது நான். பிற்பாடு அவர் அதையும் கழற்றிவிட்டுத் தீவனம் வைத்ததைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. நானும் கழற்றியிருந்தேன்.

படகு கேட்டேன். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு, இரண்டு நாள் எந்தப் படகும் இறங்காது என்றாள் ரெஜினா.


நாள் 24. பிற்பகல் 2.30

காய்ச்சல் 40.4. மூச்சு வாங்குகிறது. ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றுதான் இருக்கிறது.

தன் மகளுக்குச் சேதி சொல்லச் சொன்னார். வயர்லெஸ்ஸை அவர் வாயருகே பிடித்தேன். மகளை அலுவலகத்துக்கு அழைத்து வந்திருந்தார்கள். அவர் பேசியது இவ்வளவுதான்:

"ஸ்டெல்லா, அப்பாதான். படகு வந்ததும் வந்துர்றேன். நீ பரிச்சைக்குப் போம்மா."

பிறகு என்னைப் பார்த்து, கோழிகளுக்குத் தண்ணீர் மாற்றினீர்களா என்று கேட்டார்.


நாள் 25. காலை 5.50

ஜெபமாலை அதிகாலையில் இறந்துவிட்டார்.


நாள் 25. காலை 11.20

மூக்கு மாதிரியில் அதே கிருமி.

மேற்குப் பக்கம் மணல் இளக்கமாக இருந்தது. ஆழமாகத் தோண்ட முடியவில்லை. இடுப்பளவு. சுண்ணாம்பு முழுவதையும் கொட்டினேன். அவர் கழுத்தில் இருந்த ஜெபமாலையைக் கழற்றி மகளுக்குக் கொடுக்கலாம் என்று கை போயிற்று. எதையும் இங்கிருந்து கொடுக்கக் கூடாது என்பது அப்போதுதான் உறைத்தது. அதோடேயே மூடினேன்.


நாள் 25. மாலை 5.40

என் மூக்கு மாதிரியையும் போட்டுப் பார்த்தேன்.

இருக்கிறது. ஜெபமாலைக்கு இருந்ததைவிடப் பல மடங்கு. எனக்குக் காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை. மத்தியானம் இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

இதுவரை எந்தப் படிவத்திலும் நான் எழுதாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். ஆறு வருடமாக எனக்கு ஒரு நரம்பு நோய். என் வெள்ளணுக்களே என் நரம்புகளின் மேலுறையைத் தின்கின்றன. அதைத் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஓர் ஊசி. அந்த ஊசி கொல்லி அணுக்களை நீக்கும். கோழிகளுக்கு நான் போடுவதன் மனித வடிவம். சொன்னால் இந்த வேலைக்கு அனுப்ப மாட்டார்கள் என்று மறைத்தேன். தெரிந்தவர் என் கணவர் பூதலிங்கம் ஒருவர்தான்.

ஆக, திட்டில் நான்காம் அறை என்பது நானும் சேர்ந்துதான்.

வெப்பமானியை மூன்று முறை வைத்துப் பார்த்துவிட்டேன். பயத்தால்தான். வேறு காரணம் இல்லை.


நாள் 26. காலை 8.00

கரைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். என் நோயையும். பிறகு இயக்குநர் பேசினார். திட்டவில்லை. யாரும் இறங்க மாட்டார்கள், சாமான்களை மிதவையில் கட்டி அலையில் தள்ளிவிடுவார்கள், நான் இங்கேயே இருக்க வேண்டும் என்றார். நானும் அதையேதான் கேட்க இருந்தேன்.

எவ்வளவு காலம் என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரிய வேண்டியதும் அதுதான். ஊசியின் வேகம் குறைந்து என் அணுக்கள் திரும்பி வந்தால் என்ன ஆகும்?

அறை நான்கைப் பத்துப் பத்தாகப் பிரித்தேன். முதல் பத்துக்கு மருந்து தொடரும். இரண்டாம் பத்துக்கு நிறுத்தம். மூன்றாம் பத்துக்கும் நிறுத்தம். ஆனால் காய்ச்சல் கண்ட அன்றே மறுபடி ஊசி.


நாள் 36. மாலை 6.10

முதல் பத்து: எல்லாம் உயிரோடு. எல்லாவற்றிலும் கிருமி.
மூன்றாம் பத்து: எல்லாவற்றுக்கும் காய்ச்சல் வந்தது, ஊசி போட்டதும் நின்றது. எல்லாம் உயிரோடு. எல்லாவற்றிலும் கிருமி.
இரண்டாம் பத்து: அணுக்கள் திரும்பின. நான்கு நாளில் எட்டு இறப்பு. மீதி இரண்டின் உடலில் கிருமி சுத்தமாக இல்லை. மூன்று நாள் தொடர்ந்து சோதித்தேன். இல்லை.

பத்தில் இரண்டு. கிருமி ஓர் உடலை விட்டுப் போக இருக்கிற ஒரே வழி அது. மற்றபடி உயிரோடு இருக்கலாம், எத்தனை காலம் வேண்டுமானாலும். யாரும் பக்கத்தில் வரக் கூடாது, அவ்வளவுதான்.

என் இரத்தத்தில் கொல்லி அணுக்கள், ஒரு சொட்டுக்கு: போன வாரம் 38. இன்று 71.


நாள் 40. பிற்பகல் 3.30

116.

அடுத்த ஊசிக்கு நாள் வந்துவிட்டது. பூதலிங்கம் மருந்தை வாங்கி வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறார். மிதவையில் அனுப்பட்டுமா என்று இயக்குநர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

தெளிவாக யோசித்துத்தான் சொன்னேன். ஊசி போட்டால் நான் பிழைப்பேன், கிருமியும் பிழைக்கும். ஒரு மீனவர் தண்ணீர் கேட்டு இங்கே ஒதுங்கினால் போதும். போடாவிட்டால் ஏதோ ஒன்று முடிவுக்கு வரும். நானோ, அதுவோ.

மத்தியானம் பூதலிங்கத்தை வயர்லெஸ்ஸுக்குக் கூட்டி வந்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்திருக்கிறார். அங்கே விளையாட்டு ஆசிரியர். எப்போதும் சத்தமாகப் பேசுகிறவர், மெதுவாகப் பேசினார்.

"வடிவு, கோழி வேற, மனுசி வேற. நீ ஊசியப் போட்டுக்க. நா அங்கன வந்து ஒங்கூட இருந்துக்கிடுதேன்."

அதற்குத்தான் பயப்படுகிறேன் என்றேன். உங்களுக்கு எல்லா அணுக்களும் இருக்கின்றன, நாலே நாள் என்றேன். அதற்கு அவர் சொன்னது:

"நாலு நாளுன்னா நாலு நாளு."

இணைப்பைத் துண்டித்துவிட்டேன்.


நாள் 44. காலை 7.00

190. அறை ஒன்று முதல் மூன்று வரை எல்லாக் கோழிகளையும் எரித்தாயிற்று. அறை நான்கில் மிஞ்சியவற்றையும் நேற்று முடித்தேன். கிருமி போய் உயிரோடு இருந்த அந்த இரண்டை மட்டும் விட்டுவைத்தேன். அவை என் அறைக்கு வெளியே திரிகின்றன. அவற்றை இந்தக் கிருமி இனி ஒன்றும் செய்யாது.

கரைக்குச் சொல்லிவிட்டேன்: நான் பேசாமல் போனால் முப்பது நாள் யாரும் வரக் கூடாது. இயக்குநர் எழுதிக்கொண்டார்.


நாள் 46. காலை 10.40

38.3.

வந்துவிட்டது.


நாள் 47.

நேரம் பார்க்கவில்லை. வெயில் இறங்கிவிட்டது. 39.9. வயர்லெஸ் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. மேசை வரை போக முடியவில்லை. நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவது போல

தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது. செத்தால் வலிக்குமா என்று ஜெபமாலையிடம் கேட்காமல் போனேன். என்ன முட்டாள்தனம்.


நாள் 48. காலை 11.15

படகுச் சத்தம். கனவு என்று நினைத்தேன். கனவு இல்லை. ஜன்னல் இடுக்கு வழியே பார்த்தேன். நிலையத்துப் படகு அல்ல, மீனவர் ஃபைபர் படகு ஒன்று கரையிலிருந்து தள்ளி நிற்கிறது. அதிலிருந்து என் கணவர் முழங்கால் தண்ணீரில் இறங்கி வருகிறார். தோளில் ஐஸ் பெட்டி. முகத்தில் முகமூடி இல்லை.


11.25

கதவைத் தட்டுகிறார். உள்ளே இரண்டு தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன், கட்டிலையும் நகர்த்தி வைத்துவிட்டேன். எப்படி நகர்த்தினேன் என்று தெரியவில்லை.

"வடிவு. கதவத் தொற. உள்ள இருக்கியா?"

நான் பேசினால் கதவை உடைப்பார். நிச்சயம் உடைப்பார். பேசாவிட்டால் செத்துவிட்டேன் என்று போய்விடுவார். அவர் பிழைக்க நான் செத்திருக்க வேண்டும். துண்டை வாயில் அடைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன், இருமல் வருகிறது.


11.50

தட்டுவதை நிறுத்திவிட்டார். போகவில்லை. சமையலறைப் பக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பது தெரிகிறது. அங்கேதான் நிழல். எங்களுக்கு நடுவில் ஒரு செங்கல் கனம்தான். மூச்சு விடுவது கேட்கிறது. அழுகிறாரா என்று

"சத்தம் மட்டும் குடு. ஒரே ஒரு சத்தம். நா போயிருதேன்."

கொடுக்கவில்லை.


பகல் 12.10

படகுக்காரர் கூப்பிடுகிறார். எழுந்துவிட்டார். வாசலில் ஏதோ வைக்கும் ஓசை. மணலில் காலடிகள்.

இயந்திரச் சத்தம் தூரமாகப் போய்விட்டது.

போய்விட்டார். என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே கடினமான வேலை இது, செய்துவிட்டேன்.


நாள் 49. காலை 6.30

40.6. உதடு நீலம். கண்ணாடியில் பார்த்தேன்.

கதவைத் திறந்தேன். ஐஸ் பெட்டி இருந்தது. உள்ளே மருந்துக் குப்பி, ஊசி, ஒரு பாக்கெட் கருப்பட்டி மிட்டாய்.

பத்தில் இரண்டு என்று எழுதிய அதே கை இது. யோசித்துத்தான் முடிவெடுத்தேன், யோசிக்கும்போது எனக்குக் காய்ச்சல் இல்லை. இப்போது மூச்சு உள்ளே போக மாட்டேன் என்கிறது. சாகப் பயமாக இருக்கிறது. எனக்கு நாற்பத்து மூன்று வயதுதான் ஆகிறது. இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஊசியைப் போட்டுக்கொண்டேன்.


நாள் 51. காலை 8.20

37.1. கொல்லி அணுக்கள் 22. கிருமி முன்னைவிட அதிகம். எழுந்து கஞ்சி வைத்துக் குடித்தேன். உயிரோடிருப்பது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று தெரியாது.

வயர்லெஸ்ஸின் பேட்டரி இறங்கிப் போயிருந்தது. சார்ஜில் போட்டிருக்கிறேன். நான் இருக்கிறேன் என்று தெரிந்தால் அவர் திரும்ப வருவார். தெரியாவிட்டால் எனக்குக் கருமாதி செய்வார். எதைச் சொல்வது என்று இரண்டு நாள் யோசிக்கலாம்.


நாள் 53. காலை 9.05

யோசித்து முடிக்கும் முன் ரெஜினாவின் குரல் வந்தது. என்னிடம் பேசவில்லை. யாரும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டே வேறு நிலையம் எதற்காவது எட்டட்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்: பெரிய ஆஸ்பத்திரியில் இடம் இல்லை, ஆக்சிஜன் வேண்டும், எங்கிருந்தாவது அனுப்புங்கள்.

பொத்தானை அழுத்தி, வடிவு பேசுகிறேன் என்றேன். அவள் வீறிடவில்லை. யாரையோ கதவைச் சாத்தச் சொன்னாள். பிறகு சொன்னாள்:

"டாக்டரம்மா, ஒங்க சாருக்கு நேத்துலேர்ந்து காய்ச்சலு. அன்னைக்கு வந்துட்டு மறுநாளு பள்ளிக்கூடம் போயிருக்காங்க. ஒங்களுக்காகப் பிள்ளைங்கள எல்லாம் கூட்டி வச்சு ஜெபம் பண்ணச் சொன்னாங்களாம்."

படகில் வரும்போதே தொற்றியிருக்காது. கதவு மூடியிருந்தது. ஜன்னல் மூடியிருந்தது. எழுந்து அறை முழுக்கத் தேடினேன். சமையலறைப் பக்கச் சுவரில், ஆள் உட்கார்ந்தால் தலைக்கு ஒரு முழம் மேலே, புகை வெளியேற்றும் மின்விசிறி. மாதக் கணக்கில் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன் ஓசை காதில் விழுவதுகூட நின்றுபோய்விட்டது. என் அறையின் மூச்சு முழுவதையும் வெளியே நிழலில் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. இருபது நிமிடம் அதன் கீழே அவர் உட்கார்ந்திருந்தார்.

எழுந்து தள்ளிப் போங்கள் என்று ஒரு வார்த்தை. அன்று நான் அடக்கிவைத்த அந்த ஒரு சத்தம்.


9.40

அழுது முடித்துவிட்டேன்.

ரெஜினாவிடம் எழுதிக்கொள்ளச் சொல்லி, ஆஸ்பத்திரி மருத்துவர்களுக்காக எல்லாவற்றையும் சொன்னேன். மருந்தின் பெயர், அளவு. காய்ச்சல் கண்ட உடனே போட்டால் பிழைப்பார்கள். பிழைத்தவர்கள் ஒருவர் விடாமல் பரப்புவார்கள். போடாவிட்டால் பத்தில் எட்டுப் பேர் போவார்கள், கிருமி அவர்களோடு போகும். எது சரி என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கு அந்தத் தகுதி இல்லை. ஆனால் ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஊருக்குள் இருக்கக் கூடாது. அவர்களை இங்கே அனுப்புங்கள். என் கணவரை முதல் படகில் அனுப்புங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.

அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள். நடுவில் ஒரு முறை இருமினாள். நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

கடைசியாக, காய்ச்சல் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். இரண்டோ மூன்றோ என்று நினைத்துத்தான் கேட்டேன்.

"இன்னைக்குக் காலையில வரைக்கும் நாப்பத்தொண்ணு, டாக்டரம்மா. அதுல இருபத்தாறு பேரு ஸ்கூல் பிள்ளைங்க."


பிற்பகல் 2.15

கட்டில் ஒன்றுதான், வேறு இல்லை. அறை ஒன்றில் இருந்த கூண்டுகளைக் கழற்றி வெளியே போட்டேன். தரையை இரண்டு முறை பிளீச்சிங் போட்டுக் கழுவினேன். பாய் விரித்தால் சிறு பிள்ளைகள் பதினைந்து பேர் படுக்கலாம். அடுத்து அறை இரண்டு.